பி.ஏ. (ஃபிசிஷியன் அசிஸ்டென்ட்) பள்ளிக்கு எப்போது விண்ணப்பிப்பது? இந்த வருஷமா, அடுத்த வருஷமா என்று முடிவெடுக்க ஒரு முழு வழிகாட்டி

பி.ஏ. பள்ளிகளின் விண்ணப்பத் தளமான காஸ்பா திறக்கும் ஏப்ரல் கடைசி வாரம் வந்துவிட்டால் என் ஃபோன் ஓயாது. "அக்கா, காஸ்பா ஓப்பன் ஆயிடுச்சு. இப்பவே போட்டுடவா, இல்ல இன்னும் ஒரு வருஷம் இருந்து பார்க்கவா?" கேட்பவர்களில் பாதிப் பேர் இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள். மீதிப் பேர் கல்யாணமாகி இங்கே வந்தவர்கள். ஊரில் எம்.பி.பி.எஸ்.ஸோ, பிசியோதெரபியோ, நர்சிங்கோ படித்துவிட்டு, அமெரிக்காவில் அடுத்து என்ன என்று தேடிக்கொண்டிருப்பவர்கள்.

நான் இரண்டு முறை விண்ணப்பித்தவள். முதல் முறை செப்டம்பரில் போட்டேன். கையில் இருந்தது நோயாளிகளைப் பராமரித்த 900 மணி நேர அனுபவம். அனாட்டமி இரண்டாம் பாகமும் மைக்ரோபயாலஜியும் அப்போதுதான் படித்துக்கொண்டிருந்தேன். எட்டுப் பள்ளிகளுக்கு அனுப்பினேன், ஒரு நேர்காணல்கூட வரவில்லை. அடுத்த வருஷம் மே முதல் வாரத்தில் மறுபடி போட்டபோது 2,100 மணி நேரம் தாண்டியிருந்தது, பாடங்களும் முடிந்திருந்தன. மூன்று அழைப்புகள் வந்தன. இடைப்பட்ட எட்டு மாதத்தில் நான் புத்திசாலி ஆகிவிடவில்லை. கோப்பு முழுமையாக இருந்தது, சீக்கிரமும் போய்ச் சேர்ந்தது. இந்த இரண்டும் ஒன்றாக அமையும் நாள் எது என்று கண்டுபிடிப்பதுதான் முழு வேலையும்.

(இந்தக் கட்டுரையில் பி.ஏ. என்றால் ஃபிசிஷியன் அசிஸ்டென்ட், அதாவது மருத்துவரோடு சேர்ந்து நோயாளிகளைப் பரிசோதித்துச் சிகிச்சை தருபவர். பி.ஏ. பள்ளி என்பது அதற்கான முதுகலைப் படிப்பு. 2021-இல் இத்துறையின் தேசிய அமைப்பு 'ஃபிசிஷியன் அசோசியேட்' என்ற பெயரை ஏற்றுக்கொண்டது. பேச்சு வழக்கில் இரண்டுக்குமே பி.ஏ.தான்.)

முதலில்: சேரும் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

எல்லோரும் காஸ்பா திறக்கும் தேதியைப் பார்க்கிறார்கள். நீங்கள் வகுப்பு தொடங்கும் தேதியைப் பாருங்கள். பள்ளிக்குப் பள்ளி அது மாறும். சில ஜனவரியில் தொடங்கும், சில மே அல்லது ஜூனில், சில ஆகஸ்டில்.

காஸ்பா என்பது பி.ஏ. பள்ளிகளுக்கான பொது விண்ணப்பச் சேவை. 2001-இலிருந்து இயங்குகிறது. ஏறக்குறைய எல்லாப் பள்ளிகளும் இதன் வழியாகத்தான் விண்ணப்பம் வாங்குகின்றன. ஒவ்வொரு வருஷமும் ஏப்ரல் கடைசியில் திறக்கும், அடுத்த வசந்தம் வரை திறந்திருக்கும். ஜனவரியில் வகுப்பு தொடங்கும் பள்ளி கோடையிலேயே ஆட்களை எடுத்து முடித்துவிடும். அந்தப் பள்ளியைப் பொறுத்தவரை செப்டம்பர் என்பது மிகத் தாமதம். அடுத்த ஆகஸ்டில் தொடங்கும் பள்ளிக்கு அதே செப்டம்பர் சுமாரான நேரம்.

பல பள்ளிகளில் 'ரோலிங்' முறை நடக்கிறது. விண்ணப்பம் வர வர வாசிப்பார்கள், நேர்காணல் வைப்பார்கள், இடம் கொடுப்பார்கள். கல்யாண வீட்டுப் பந்தி மாதிரிதான். முதல் பந்தியில் இலை நிறைய கிடைக்கும், நாலாவது பந்தியில் பாயசம் தீர்ந்திருக்கும். இணையத்தில் கடைசித் தேதி மார்ச் 1 என்று போட்டிருந்தாலும் ஜனவரிக்குள் பெரும்பாலான இடங்கள் போயிருக்கலாம். ரோலிங் இல்லாத பள்ளிகளும் உண்டு. அங்கே கடைசித் தேதிக்குள் போனால் போதும், முந்திப் போவதில் பெரிய லாபமில்லை. உங்கள் பட்டியலில் ஒவ்வொரு பள்ளிக்கும் எதிரே ரோலிங் உண்டா இல்லையா என்று எழுதிவையுங்கள்.

கடைசித் தேதியிலும் ஒரு கண்ணி இருக்கிறது. சில பள்ளிகளுக்கு அந்தத் தேதிக்குள் 'சமர்ப்பித்தால்' போதும். சிலவற்றுக்கு டிரான்ஸ்கிரிப்ட் (கல்லூரி மதிப்பெண் பட்டியல்), பரிந்துரைக் கடிதங்கள், கட்டணம் எல்லாம் வந்து 'முழுமை' ஆகியிருக்க வேண்டும். வேறு சிலவற்றுக்கு காஸ்பா சரிபார்த்து முடித்திருக்க வேண்டும். கூட்டமான மாதங்களில் அந்தச் சரிபார்ப்புக்கே நான்கு வாரம் வரை ஆகலாம். அக்டோபர் 1 சரிபார்ப்புத் தேதி என்றால் உங்களுக்கு உண்மையான கடைசித் தேதி ஆகஸ்ட் இறுதி.

மணி நேரக் கணக்கு

1965-இல் நார்த் கரோலினாவின் டியூக் பல்கலைக்கழகத்தில் டாக்டர் யூஜீன் ஸ்டெட் முதல் பி.ஏ. வகுப்பைத் தொடங்கினார். அதில் சேர்ந்த நான்கு பேரும் கடற்படையில் மருத்துவப் பணி செய்து வந்தவர்கள். காயத்துக்குக் கட்டுப்போட்டு, நோயாளியைத் தொட்டுப் பழகிய ஆட்களை எடுத்துக் குறுகிய காலத்தில் மேல்பயிற்சி கொடுக்கலாம் என்பதுதான் இந்தப் படிப்பின் அடிப்படை யோசனை. இன்றைக்கும் பள்ளிகள் மதிப்பெண்ணோடு நிற்காமல் நோயாளி அனுபவ மணி நேரம் கேட்பது அதனால்தான்.

குறைந்தபட்சம் என்று சில பள்ளிகள் 500 கேட்கும், சில 1,000, சில 2,000. கேட்காத பள்ளிகளும் உண்டு. ஆனால் குறைந்தபட்சம் என்பது வாசற்படி, அவ்வளவுதான். பல பள்ளிகள் தாங்கள் சேர்த்துக்கொண்ட மாணவர்களின் சராசரியையும் வெளியிடுகின்றன. அந்த எண்ணோடு உங்களை ஒப்பிடுங்கள்.

எந்த வேலை எந்தக் கணக்கில் வரும் என்பது முக்கியம். சி.என்.ஏ. (நர்சிங் உதவியாளர்), இ.எம்.டி. (ஆம்புலன்ஸ் அவசர உதவியாளர்), பாராமெடிக், மெடிக்கல் அசிஸ்டென்ட், ரத்தம் எடுக்கும் ஃபிளபாட்டமிஸ்ட், நர்ஸ், இவையெல்லாம் நோயாளி பராமரிப்பு அனுபவம். மருத்துவர் சொல்வதைக் குறிப்பெடுக்கும் ஸ்க்ரைப் வேலையைப் பல பள்ளிகள் பொது மருத்துவச் சூழல் அனுபவம் என்ற இரண்டாம் வகையில் வைக்கும். சில பள்ளிகள் முதல் வகையிலேயே ஏற்றுக்கொள்ளும். மருத்துவர் பின்னால் நின்று பார்ப்பது தனிக் கணக்கு. இரண்டு வருஷம் ஸ்க்ரைப்பாக இருந்துவிட்டு விண்ணப்பிக்கும் நேரத்தில்தான் இதைத் தெரிந்துகொள்ளும் பிள்ளைகளைப் பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கிறது. வேலையில் சேரும் முன்பே உங்களுக்குப் பிடித்த ஐந்து பள்ளிகளின் பக்கத்தைத் திறந்து பாருங்கள்.

கணக்கு எளிது. வாரம் 36 மணி நேரம், வருஷம் 48 வாரம் என்றால் 1,728. கல்லூரியோடு சேர்த்து வாரம் 16 மணி நேரம் என்றால் 50 வாரத்தில் 800. விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கும் நாளில் உள்ள எண்தான் பெரும்பாலும் கணக்கில் வரும். சமர்ப்பித்த பிறகு ஏற்கெனவே எழுதிய மணி நேரத்தைத் திருத்த முடியாது. 'சேருவதற்குள் 2,000 ஆகிவிடும்' என்ற வாக்குறுதிக்குப் பல இடங்களில் மதிப்பில்லை.

நான் ஒரு முதியோர் இல்லத்தில் சி.என்.ஏ.வாக இரவு ஷிஃப்ட் செய்தேன். காலை ஏழு மணிக்குக் காரில் ஏறியதும், வண்டியைக் கிளப்பும் முன் ஒரு கோடு போட்ட சின்ன நோட்டில் எழுதுவேன்: தேதி, எத்தனை மணி நேரம், என்ன செய்தேன். 'இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்கவைத்தேன், குதிகால் சிவந்திருந்தது, நர்சிடம் சொன்னேன், காலுக்கடியில் தலையணை வைத்தோம்.' இப்படி ஒரு வரி. அந்த நோட்டு இல்லாதிருந்தால் என் விண்ணப்பக் கட்டுரையில் ஒரு உயிருள்ள வாக்கியம் வந்திருக்காது. மணி நேரத்தைத் தேதியோடு சொல்லவும் தடுமாறியிருப்பேன். இன்றைக்கே ஒரு நோட்டு வாங்கிவிடுங்கள்.

ஜி.பி.ஏ.: ஒரு வருஷம் காத்திருந்தால் எவ்வளவு ஏறும்?

காஸ்பா உங்கள் ஜி.பி.ஏ.வைத் (4-க்கு இத்தனை என்று சொல்லும் மதிப்பெண் சராசரி; ஏ-க்கு 4, சி-க்கு 2) தானே கணக்கிடும். உங்கள் கல்லூரி, ஒரு பாடத்தைத் திரும்பப் படித்தால் பழைய மதிப்பெண்ணை அழித்திருக்கலாம். காஸ்பா அழிக்காது. நான்கு க்ரெடிட் ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் முதலில் சி, திரும்பப் படித்து ஏ என்றால் இரண்டும் கணக்கில் வரும், சராசரி 3.0. அதனால் கல்லூரி போர்ட்டலில் தெரியும் எண்ணை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

காத்திருப்பது பயன் தருமா என்பதைக் காகிதத்தில் போட்டுப் பாருங்கள். மொத்தம் 90 க்ரெடிட், ஜி.பி.ஏ. 3.1 என்று வைத்துக்கொள்வோம். ஒரு வருஷத்தில் 24 க்ரெடிட் படித்து எல்லாம் ஏ வாங்கினால் 3.29 ஆகும். இவ்வளவு உழைப்புக்கு இதுதானா என்று தோன்றும். ஆனால் அறிவியல் ஜி.பி.ஏ.வைத் தனியாகப் பாருங்கள். 40 க்ரெடிட்டில் 2.9 இருந்தவர் 20 அறிவியல் க்ரெடிட்டுகளை ஏ-யில் முடித்தால் 3.27-க்குப் போய்விடுவார். 3.0 என்று கோடு போட்டு வடிகட்டும் பள்ளிகள் நிறைய. அந்தக் கோட்டைத் தாண்டுவது வேறு வாழ்க்கை. 3.0-க்குக் கீழே இருந்தால் இந்த வருஷம் விண்ணப்பிக்காதீர்கள், படியுங்கள். 3.5-க்கு மேலே இருந்தால் ஜி.பி.ஏ.வுக்காக ஒரு வருஷம் காத்திருக்காதீர்கள், எண் அசையவே அசையாது. அந்த நேரத்தை நோயாளிகளோடு செலவிடுங்கள்.

வசந்த செமஸ்டர் படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு கேள்வி வரும்: ஏப்ரலில் போடுவதா, மே மாத மதிப்பெண் வரும்வரை பொறுப்பதா? மதிப்பெண் உங்களைத் தூக்கிவிடும் என்றால் பொறுங்கள். மூன்று நான்கு வாரத் தாமதம் யாரையும் கெடுத்ததில்லை. பின்னால் மதிப்பெண்களைப் புதுப்பிக்க வாய்ப்பு உண்டு, ஆனால் முதலில் பார்த்த எண்ணை வைத்தே ஒதுக்கிவைக்கும் பள்ளிகளும் உண்டு.

பாடங்களும் காலாவதியும்

அனாட்டமி-ஃபிசியாலஜி இரண்டு பாகம், மைக்ரோபயாலஜி, கெமிஸ்ட்ரி, ஸ்டாட்டிஸ்டிக்ஸ், சைக்காலஜி. ஏறக்குறைய எல்லோரும் கேட்பவை இவை. பயோகெமிஸ்ட்ரி, ஜெனெட்டிக்ஸ், மருத்துவக் கலைச்சொற்கள் போன்றவை பள்ளியைப் பொறுத்தது. விண்ணப்பிக்கும்போது ஒன்றிரண்டு பாடம் பாக்கி இருந்தால் சில பள்ளிகள் பொறுத்துக்கொள்ளும், சில ஒன்றைக்கூட ஏற்காது.

காத்திருப்பதில் ஆபத்து இருக்கும் இடமும் இதுதான். சில பள்ளிகள் ஐந்து, ஏழு, பத்து வருஷத்துக்கு முந்தைய அறிவியல் பாடங்களை ஏற்காது. ஜி.ஆர்.இ. மதிப்பெண் ஐந்து வருஷம்தான் செல்லும். குழந்தை பிறந்து, வீடு மாறி, மூன்று வருஷம் தள்ளிப்போட்டவர்கள் திரும்பிவரும்போது அனாட்டமியை மறுபடி படிக்க வேண்டியிருக்கும். 'அடுத்த வருஷம்' என்று சொல்லும் முன் உங்கள் மிகப் பழைய பாடத்தின் வருஷத்தைப் பாருங்கள்.

ஊரில் படித்து வந்தவர்களுக்கும் விசாவில் இருப்பவர்களுக்கும்

எம்.பி.பி.எஸ். முடித்தவர் நேரடியாக பி.ஏ. உரிமத் தேர்வு எழுத முடியாது. சென்னையில் பி.எஸ்ஸி. ஃபிசிஷியன் அசிஸ்டென்ட் படித்தவரும் எழுத முடியாது. 'பேன்ஸ்' எனப்படும் அந்தத் தேர்வுக்கு ஆர்க்-பிஏ என்ற அங்கீகார அமைப்பு அங்கீகரித்த அமெரிக்கப் பள்ளியில் படித்து முடித்திருக்க வேண்டும். குறுக்கு வழி இருப்பதாக யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

உங்கள் பட்டத்தை மதிப்பீடு செய்து வாங்கவே சில மாதம் ஆகும். பல்கலைக்கழகத்திலிருந்து சீலிட்ட உறையில் டிரான்ஸ்கிரிப்ட் வரவேண்டும், அதற்கு ஊரில் யாராவது அலைய வேண்டும். பல பள்ளிகள் முன்தேவைப் பாடங்களை அமெரிக்கக் கல்லூரியில்தான் படித்திருக்க வேண்டும் என்று சொல்லும். பக்கத்து கம்யூனிட்டி காலேஜில் ஒன்றரை வருஷத்தில் முடிக்கலாம். ஆகவே இன்று முடிவெடுத்து அடுத்த ஏப்ரலில் விண்ணப்பிப்பது பெரும்பாலோருக்கு நடக்காத காரியம். அதற்கடுத்த ஏப்ரல் என்று வைத்துக்கொண்டால் மனசு நிம்மதியாகப் படிக்கலாம்.

எச்-4 விசாவில் (வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்கான விசா) வேலை அனுமதி இல்லாதவர்களுக்கு மணி நேரம் சேர்ப்பதே பெரிய மலை. சம்பள வேலையைச் சும்மா செய்து கொடுத்தாலும் விசாச் சிக்கல் வரலாம். குடிவரவு வழக்கறிஞரிடம் கேட்காமல் இறங்காதீர்கள். எச்-4-இல் வளர்ந்த பிள்ளைகள் 21 வயதில் அந்த விசாவை இழக்கிறார்கள் என்பதையும் கணக்கில் வையுங்கள். மேலும், குடியுரிமையோ பச்சை அட்டையோ இருப்பவர்களை மட்டுமே சேர்க்கும் பள்ளிகள் உண்டு. பச்சை அட்டை இன்னும் ஆறு மாதத்தில் வரும் நிலையில் இருந்தால், ஒரு சுற்று தள்ளிப்போடுவது பட்டியலை இரண்டு மடங்காக்கும்.

பணம்

பத்துப் பள்ளிகளுக்கு விண்ணப்பித்தால் காஸ்பா கட்டணம் மட்டுமே 700 டாலரைத் தாண்டும். அதற்கு மேல் பள்ளிகள் தனியாக வாங்கும் துணைக் கட்டணம், நேர்காணல் பயணம், இடம் கிடைத்தால் உடனே கட்ட வேண்டிய முன்பணம். அரைகுறை விண்ணப்பத்தை 'சும்மா போட்டுப் பார்க்க' இந்தப் பணத்தைச் செலவழிக்காதீர்கள். மறுமுறை போடும்போது 'போன தடவையிலிருந்து என்ன மாறியிருக்கிறது' என்று கேட்பார்கள். பரிந்துரைக் கடிதங்களையும் புதிதாக வாங்க வேண்டியிருக்கும்.

படிப்பு சராசரியாக 27 மாதம். முதல் வருஷம் வகுப்பறை, அப்புறம் மருத்துவமனைச் சுழற்சி. படிக்கும்போது வேலைக்குப் போக முடியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குபவர்களுக்கு மத்திய அரசின் 'கிராட் பிளஸ்' கடன் கிடையாது. பொது முதுகலைப் படிப்புகளுக்கு வருஷத்துக்கு 20,500 டாலர், மொத்தம் 1,00,000 டாலர் என்று வரம்பு. தொழில்முறைப் பட்டம் என்ற பிரிவுக்கு வரம்பு அதிகம். நீங்கள் சேரப்போகும் படிப்பு எந்தப் பிரிவில் வருகிறது, மீதிக்கு என்ன வழி என்று பள்ளியின் நிதி உதவி அலுவலகத்தை விண்ணப்பிக்கும் முன்பே கேளுங்கள். சேமிப்புக்காக ஒரு வருஷம் முழுநேர வேலை செய்வது இப்போது முன்னைவிட அர்த்தமுள்ள காரணம். எதிர்வாதமும் உண்டு: 2023-இல் ஒரு பி.ஏ.வின் இடைநிலை வருஷச் சம்பளம் 1,30,000 டாலர் அளவு. தள்ளிப்போடும் ஒவ்வொரு வருஷமும் அதில் ஒன்று குறைகிறது. தயாராக இருப்பவர் பயத்தால் தள்ளிப்போடக் கூடாது.

கடிதங்களும் கட்டுரையும்

பெரும்பாலான பள்ளிகள் மூன்று கடிதம் கேட்கும். ஒரு பி.ஏ. அல்லது மருத்துவர், ஒரு பேராசிரியர், உங்கள் வேலை மேற்பார்வையாளர் என்று அமைந்தால் நல்லது. பிப்ரவரியிலேயே கேளுங்கள். கட்டுரைக்கு இடைவெளி உட்பட 5,000 எழுத்துதான். ஜனவரியில் தொடங்கினால் ஏப்ரலில் நன்றாக வரும். மே மாதம் தொடங்கினால் அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை போகாது.

முடிவெடுக்கும் மூன்று நாட்கள்

ஜனவரி 1. இன்றைய மணி நேரம், மே வரை சேரும் மணி நேரம், காஸ்பா முறையில் போட்ட ஜி.பி.ஏ., பாக்கிப் பாடங்கள். நான்கையும் ஒரே தாளில் எழுதி, உங்கள் பள்ளிகளின் சராசரிக்கு எதிரே வையுங்கள். நான்கில் மூன்று பக்கத்தில் இருந்தால் இந்தச் சுற்று. இரண்டு தூரத்தில் இருந்தால் அடுத்த சுற்று. இன்றைக்கே சொல்லிவிட்டால் மன உளைச்சல் மிச்சம்.

மே 15. கட்டுரை முடிந்ததா? கடிதம் எழுதுபவர்கள் ஒப்புக்கொண்டார்களா? டிரான்ஸ்கிரிப்ட் அனுப்பச் சொல்லியாயிற்றா? ஆம் என்றால் இரண்டு வாரத்துக்குள் போடுங்கள்.

ஜூன் 30. இதுதான் நான் போட்டிருக்கும் கோடு. இதற்குள் போக முடியாவிட்டால், ரோலிங் பள்ளிகளை இந்த வருஷம் விட்டுவிடுங்கள். ரோலிங் இல்லாத பள்ளிகளும், பின்னால் தொடங்கும் பள்ளிகளும் பட்டியலில் குறைந்தது நான்கு இருந்தால் அவற்றுக்கு மட்டும் போடலாம். இல்லையென்றால் அடுத்த மே. ஆகஸ்ட், செப்டம்பரில் 'கடைசியா ஒரு சான்ஸ்' என்று போடாதீர்கள், நான் செய்த தவறு அதுதான்.

புதிதாகத் தொடங்கும் பள்ளிகளைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கீகாரம் வரும் முன்பே விண்ணப்பம் வாங்கும் பள்ளிகள் உண்டு. தற்காலிக அங்கீகாரம் கிடைத்தால் அதில் படித்தவரும் பேன்ஸ் எழுதலாம். கிடைக்காவிட்டால் வகுப்பே தொடங்காது, உங்கள் வருஷம் போய்விடும். பட்டியலில் இப்படி ஒன்றுக்கு மேல் வேண்டாம். பழைய பள்ளியாக இருந்தாலும் அதன் ஐந்து வருஷ பேன்ஸ் தேர்ச்சி விகிதத்தைப் பார்த்துவிட்டுச் சேருங்கள், ஒவ்வொரு பள்ளியும் அதை வெளியிட்டாக வேண்டும்.

அனுப்பிய பிறகு

வேலையை விட்டுவிடாதீர்கள். பாக்கிப் பாடத்தில் பி-க்குக் கீழே போகாதீர்கள். காஸ்பா 'முழுமை' என்று காட்டுகிறதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள். ஒரு கடிதம் வராமல் இரண்டு மாதம் கிடந்த கோப்புகளை நான் பார்த்திருக்கிறேன். ஜூலையிலிருந்து ஸ்பாம் பெட்டியையும் தினமும் திறந்து பாருங்கள். எனக்கு வந்த முதல் நேர்காணல் அழைப்பு அங்கேதான் இரண்டு நாள் கிடந்தது, பதில் சொல்லக் கொடுத்திருந்த அவகாசம் மூன்று நாள்.